ஒரே கொட்டகையில் இரண்டு வீடுகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் எங்கள் ஊர்ச் சந்தை மைதானத்துக்கு ஒரு டூரிங் டாக்கீஸ் வந்தது. அது காட்டிய படங்களில் ஒன்று, இரண்டு குடியானவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாகும் கதை. நல்ல படமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஏர் பிடிக்கிறவன் வெல்வெட் கோட்டு போட்டிருந்தான். அரிவாளில் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்தப் படம் ஓடியதால்தான் என் அக்கா மகளின் கல்யாணத்துக்கு நான் போக முடிந்தது.

எங்கள் ஊர் இண்டூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ராகி, சாமை, கொள்ளு, ஏரியில் தண்ணீர் இருக்கும் வருடத்தில் கொஞ்சம் நெல். ஊரில் நிலம் அதிகம் உள்ள வீடுகள் இரண்டு. எங்கள் வீட்டை மேட்டு வூடு என்பார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு கெணத்து வூடு. அக்கா அங்கே போன போது இரண்டு வீடுகளும் உறவோடு இருந்தன. அவளுக்குப் பெண் பிறந்து, குழந்தை தவழத் தொடங்கிய காலத்தில் ஏரி மதகை யார் முதலில் திறப்பது என்ற சண்டையில் என் சித்தப்பா வெட்டப்பட்டார். அடுத்த வருடம் பென்னாகரம் சாலையில் அக்காவின் கொழுந்தன் பிணமாகக் கிடந்தார். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

மூன்றாவது கொலை நடக்காமல் இருப்பதற்காக ஊர் கூடியது. மாரியம்மன் கோயில் முன்னால் சூடம் ஏற்றி, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடிப்பதில்லை. ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. இரண்டு வீட்டாரும் ஒரு பந்தலின் கீழ் உட்கார்ந்து எழுவதில்லை. அப்படி உட்கார்ந்து எழுந்துவிட்டால் அன்றோடு பகை கழிந்தது. கடைசி வாக்கியத்தை அப்போதைய ஊர்க்கவுண்டர் சேர்த்தார். இரண்டு வீட்டாரும் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார்கள். தவறிப்போய் ஒரு பந்தலில் உட்கார்ந்தால், செத்தவனுக்கு ஈடு இல்லாமல் போய்விடும் என்று அர்த்தம்.

அதனால் எல்லாரும் பந்தல் விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தார்கள். ஊரில் பொதுவான ஒருவர் வீட்டில் கல்யாணம் என்றால் எங்கள் வீட்டார் முகூர்த்தத்துக்குப் போவார்கள், அவர்கள் மத்தியானப் பந்திக்கு வருவார்கள். எங்கள் பெரியப்பா பந்தலின் நிழல் விழும் இடத்தில்கூட நிற்கமாட்டார். கூத்துக்கு மட்டும் விலக்கு. கூத்து திறந்தவெளியில் நடப்பது. ஆடுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். விடியும் வரை உட்கார்ந்து பார்ப்பார்கள். அதில் சத்தியத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் வெளியே தெரிந்து நஷ்டப்பட்டது அக்கா. பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவள் வாசலை மிதித்தது கிடையாது. பெண் பெரியவளான போது தாய்மாமன் சீர் வைக்க நான் போக முடியவில்லை. தாய்மாமன் இல்லாத பெண்ணுக்குச் செய்வதுபோல ஒரு செம்பில் தேங்காயை வைத்து, அதையே மாமனாக நினைத்து மாலை போட்டுச் சடங்கை முடித்தார்கள். நான் அப்போது சேலத்தில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி எனக்கு எண்ணெய்ச் செட்டியார் ஒருவர் மூலம் வந்தது.

இப்போது அந்தப் பெண்ணுக்குப் பாலக்கோட்டுப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். மணப்பெண்ணைக் கைப்பிடித்துப் பந்தலுக்குள் அழைத்து வரவேண்டியது தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் தேங்காய் வைத்தாலும் சரி என்றார்கள். அக்கா மறுத்துவிட்டாள். அவள் மாமனாரிடம் சொன்னதாக ஊர் முழுக்கப் பேசப்பட்டது: “எந்தம்பி உசுரோட இருக்கறப்ப இன்னொருக்கா தேங்காய மாமன்னு வெக்கமாட்டேன். அவன் வந்தாத்தான் கல்யாணம். இல்லாட்டி புள்ள வூட்டுலயே இருக்கட்டும்.” கல்யாண வேலை நகரவில்லை. நான் லீவில் ஊருக்கு வந்திருந்த போது நிலைமை இப்படி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்கீஸ் வந்தது. இரண்டு கட்டை வண்டிகளில் கித்தான், கம்பங்கள், ஆயில் இன்ஜின், ஒரு புரொஜெக்டர். முதலாளி சேலத்துக்காரர், ஒல்லியாக, எப்போதும் வியர்த்துக்கொண்டிருப்பவர். ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டவேண்டும். ஊர் ஜனங்களுக்கு அதில் குறை தோன்றவில்லை. வெற்றிலை போடவும், குழந்தைகளை வெளியே அழைத்துப் போகவும் வசதியாக இருந்தது.

பழைய படத்தை எடுத்துவிட்டு இந்தப் படம் போட்ட அன்று தம்பட்டம் அடித்துக் கதையையும் சொல்லிவிட்டார்கள். இரண்டு குடும்பத்துப் பழிச்சண்டை என்றதும் ஊரே கிளம்பியது. முதல் ஆட்டம் பொழுது சாய்ந்ததும் ஆரம்பம். எங்கள் பெரியப்பா தம் பிள்ளைகளோடு வந்து தரையில் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து அக்காவின் மாமனார் தம் ஆட்களோடு வந்தார். கூத்துப் பார்த்துப் பழகிய பழக்கம், நடுக்கம்பத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கயிறு கட்டிப் பிரித்த பெண்கள் பக்கத்தில் என் தாயும் சித்தியும். நாலைந்து பேர் தள்ளி அக்காவும் அவள் மகளும். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சினிமா என்பது கூத்து மாதிரி ஒன்று என்று எல்லார் மனத்திலும் பதிந்திருந்தது. தலைக்கு மேலே இருந்த கித்தானை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

படத்தில் ஒரு பெண். ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் அரிவாளோடு வர, புருஷன் வேல்கம்போடு வர, அவள் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தாள். ஓடும் போது பாடினாள். ஆரம்பத்தில் கோட்டு போட்ட குடியானவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் மூன்றாவது ரீலுக்குப் பிறகு சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை விளக்கு எரிந்த போதும் நான் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். பார்ப்பது என் வேலைப் பழக்கம். பெரியப்பா துண்டை வாயில் வைத்திருந்தார். அந்தப் பக்கம் அக்காவின் மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பார்வையை முதலில் திருப்பியது யார் என்று என்னால் சொல்லமுடியாது. விளக்கு அணைந்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண் இருவர் ஆயுதத்துக்கும் நடுவில் விழுந்து செத்தாள். ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை நான் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தெருவில் பேச்சுச் சத்தம் நின்றுபோனதால் நிமிர்ந்தேன். அக்கா வந்துகொண்டிருந்தாள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். பட்டப்பகலில், தெரு நடுவில், அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வந்து தாம்பாளத்தைத் தாயிடம் நீட்டினாள்.

பெரியப்பா மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். என்ன துணிச்சல், யாரைக் கேட்டு வாசலை மிதித்தாய் என்று கேட்டார்.

“நேத்து நீங்களும் எங்க மாமனாரும் ஒரு பந்தல்ல உக்காந்து எந்திரிச்சீங்களா இல்லீங்களா பெரியப்பா?” என்றாள் அக்கா. “உங்க சத்தியப்படி பகை கழிஞ்சுபோச்சு. நான் தாய்மாமனுக்குப் பாக்கு வெக்க வந்திருக்கறேன்.”

பெரியப்பா அது பந்தல் இல்லை, கொட்டகை என்றார். தாய் அதற்குள் தாம்பாளத்தை வாங்கிவிட்டாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்படி யாரும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் சந்தை மைதானத்தில் பஞ்சாயத்து கூடிவிட்டது. கூட்டச் சொல்லி முதலில் ஆள் அனுப்பியது பெரியப்பா. அதே நேரத்தில் அக்காவின் மாமனாரும் ஆள் அனுப்பியிருந்தார். ஊர்க்கவுண்டர் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். பழைய ஊர்க்கவுண்டரின் மகன், நிதானமான மனிதர். கொஞ்ச தூரத்தில் டாக்கீஸின் கித்தான் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியையும் வரவழைத்திருந்தார்கள். அவருக்கு என்ன வழக்கு என்றே புரியவில்லை. கொட்டகையைப் பிரிக்கச் சொல்வார்கள் என்று பயந்துபோயிருந்தார்.

பெரியப்பா பேசினார். பந்தல் என்றால் நல்லதோ கெட்டதோ ஒரு காரியம் நடக்கவேண்டும், சோறு போடவேண்டும். இது டிக்கெட் வாங்கிப் போகிற இடம். சந்தையில் ஒரே மரத்தடியில் நின்றால் அது பந்தல் ஆகிவிடுமா?

அக்காவின் மாமனார் எழுந்து, மேட்டு வூட்டார் சொல்வது நியாயம் என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பின்னாலிருந்து ஒருவர், “ரெண்டு வூடும் ஒரே பேச்சுப் பேசி எத்தன காலமாச்சு. இதுக்கே அந்த டாக்கீஸ்காரனுக்கு மாலை போடலாம்” என்றார். சிரிப்பு எழுந்தது. பெரியப்பா திரும்பி முறைத்தார். சொன்னவர் யார் என்று தெரியவில்லை.

ஊர்க்கவுண்டர் அக்காவைக் கூப்பிட்டார். அவள் பெண்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். முதலில் அவள் புருஷனைப் பார்த்து ஊர்க்கவுண்டர் கேட்டார், இவள் தாம்பாளம் எடுத்துப் போனது உனக்குத் தெரியுமா என்று. என் மாமா எந்தச் சண்டையிலும் வாய் திறக்காதவர். தம்பியைப் பறிகொடுத்தவரும் அவர்தான்.

“வெத்தல பாக்கு வாங்கியாந்து குடுத்ததே நான்தானுங்க” என்றார்.

அவருடைய அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். மாமா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அக்கா பேசியது கொஞ்சம்தான். சத்தியத்தில் உட்கார்ந்து எழுந்தால் என்றுதான் இருக்கிறது, சோற்றைப் பற்றிப் பேச்சே இல்லை என்றாள். கூத்துக்கு மேலே கூரை கிடையாது, இதற்கு உண்டு என்றாள். மாமனார் நடுவில் கயிறு கட்டியிருந்ததைச் சொன்னார். கயிறு ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவில் கட்டியது, உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் கம்பம் மட்டும்தான் இருந்தது என்றாள். பிறகு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கம்பத்த நட்டது யாருங்க?”

ஊர்க்கவுண்டர் கித்தான் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். கம்பத்தை நட்டது அவர்தான். டாக்கீஸ் வந்த அன்று முதலாளி அவரைக் கூப்பிட்டு, குழியில் நவதானியம் போட்டு, மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி, தேங்காய் உடைத்து நடச் சொல்லியிருந்தார். கல்யாணப் பந்தலுக்கு முகூர்த்தக்கால் நடுவதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஊரே வேடிக்கை பார்த்தது.

முதலாளியை விசாரித்தார்கள். அவர் இரண்டு கையையும் கூப்பி, “எங்க போனாலும் இப்பிடித்தானுங்க நடுவோம். இல்லாட்டி பிலிம் தீப்புடிச்சுக்குமுங்க” என்றார். பிறகு, கொட்டகை என்று சொன்னாலும் சரி, பந்தல் என்று சொன்னாலும் சரி, தமக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார்.

ஊர்க்கவுண்டர் யோசித்தார். பந்தல் இல்லை என்று சொன்னால் அவர் செய்த பூஜை விளையாட்டு ஆகிவிடும். பந்தல் என்று சொன்னால் இரண்டு செத்த உயிர்கள் மீது தீர்ப்பு சொன்னதாகும். அவர் அந்த இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தார். நான் பத்திரிகையில் இருப்பவன் என்பதால் கண்டதை மட்டும் சொல்லச் சொன்னார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னேன். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கு எரிந்தது, எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிந்தது, கடைசி வரை இரண்டு பக்கத்திலும் ஒருவரும் எழுந்து போகவில்லை என்றேன். பெரியப்பாவும் அக்காவின் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததையும் சொன்னேன். சொல்லும் போது பெரியப்பா முகத்தை நான் பார்க்கவில்லை.

ஊர்க்கவுண்டர் பெரியப்பாவிடம் கேட்டார், அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தீர்களா என்று.

“பாத்தேன்.”

“பாத்ததும் ஏன் எந்திரிச்சுப் போகல?”

பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். கோபக்காரர்கள் பலர் அப்படித்தான்.

“அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பாக்காம எப்பிடி எந்திரிக்கறது?” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஊர்க்கவுண்டர் அக்காவின் மாமனாரைப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். அவர் புளியமரத்தின் வேரைக் கைத்தடியால் தட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் அதேதான்” என்றார் கடைசியில். “ஓடி ஓடிச் செத்துச்சே, அந்தப் புள்ள. ஒருத்தனாவது அத ஒக்காரச் சொன்னானா?”

அக்கா அப்போதுதான் முகத்தை முந்தானையால் துடைத்தாள். குரல் மாறவில்லை. “அதுக்குப் புத்தியில்லீங்க மாமா. நடுவுல ஓடுனா வெட்டத்தான் செய்வாங்க. நான் ஓடல. நேரா நடந்து போயிப் பாக்கு வெச்சுட்டு வந்துட்டேன்.”

இப்போது சிரித்தார்கள். முதலில் பெண்கள் பக்கம், பிறகு எல்லாரும். அவள் மாமனார்கூட வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. ஊர்க்கவுண்டர் அதைக் கவனித்தார், நானும் கவனித்தேன்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. முகூர்த்தக்கால் நட்டு, கூரை போட்டு, அதன் கீழ் விருப்பத்தோடு உட்கார்ந்து, முடியும் வரை இருந்து எழுந்தார்கள். அது பந்தல். தண்ணீர் ஒரு குடம் கெணத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் ஒரு குடம் எங்கள் கிணற்றிலிருந்தும் வந்தது. பெரியவர்கள் இருவரும் மாற்றிக் குடித்தார்கள். பெரியப்பா குடித்துவிட்டு, “உப்புத் தண்ணி” என்றார். அந்தப் பெரியவர் பதிலுக்கு, ஏரி மதகை ஒழுங்காகத் திறந்துவிட்டிருந்தால் கிணறு இப்படி உப்பாகியிருக்காது என்றார். எங்கள் பக்கத்துப் பையன்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். பெரியப்பா செம்பைத் திருப்பிக் கொடுத்து, நாளைக்குப் போய் இரண்டு பேரும் மதகைப் பார்ப்போம் என்றார். அங்கே கூடியிருந்த எவரும் அப்படி ஒரு வாக்கியத்தை எதிர்பார்க்கவில்லை. அதை அவரே எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நான் சேலத்திலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து சீர் வண்டிகள் புறப்பட்டன. முன்னால் பம்பையும் மேளமும். கூப்பிடு தூரம்தான், ஆனால் பெரியப்பா நேராகப் போகக்கூடாது, ஊரைச் சுற்றித்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏரிக்கரை, கோயில், சந்தை மைதானம் எல்லாம் சுற்றி வண்டிகள் போயின. ஒவ்வொரு வாசலிலும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். மாடுகளின் கொம்புக்கு வர்ணம் அடித்திருந்தது. சித்தி, புருஷனை இழந்தவள், தன் கையாலேயே சீர்த்தட்டுகளை அடுக்கிக் கொடுத்து, கடைசி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை அழைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கெணத்து வீட்டு வாசலில் அக்காவின் மாமனார் நின்றிருந்தார். பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கியதும், “வாங்க, உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் பந்தலைக் காட்டினார். பெரியப்பா பந்தல் ஓரத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் உட்கார்ந்தார்.

அக்காவைத் தேடினேன். சமையல் பக்கம் யாரையோ அரிசி போதாது என்று அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், தலைப்பாகையை ஒழுங்காகக் கட்டு, சேலத்தில் இதுகூடச் சொல்லித்தரவில்லையா என்றாள். அவ்வளவுதான் பேச நேரம் இருந்தது.

உள்ளே மணப்பெண் தயாராக இருந்தாள். இடுப்பில் தூக்கிவைத்திருந்த குழந்தையாக மட்டுமே நான் அவளைக் கிட்டத்தில் அறிவேன். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். கையை நீட்டினேன்; பிடித்துக்கொண்டாள். வெளியே மேளம் உச்சத்துக்குப் போனது. வாசலைத் தாண்டியதும் எல்லா முகங்களும் திரும்பின. மேட்டு வீட்டார், கெணத்து வீட்டார், பாலக்கோட்டார் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று என் கண்ணுக்கே பிரிபடவில்லை. நான் பெருமையில் வேகமாக நடந்திருக்கவேண்டும்.

“மெதுவா மாமா, சீல தடுக்குது” என்றாள்.

அவள் நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டேன். இருவருமாகப் பந்தலுக்குள் போனோம்.